கற்பூரம் எரிந்து முடியும்வரை

நான் பயந்தாங்கொள்ளி. அதை முதலே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். மின்தூக்கி நடுவில் நின்றுவிடுமோ என்று எந்த மாடிக்கும் படியேறிப் போகிறவள். தபால்பெட்டியில் நகரசபைக் கடிதம் கிடந்தால், உடைக்கும் முன்பே விசா போய், வீடு போய், கையில் பெட்டியோடு ரயில் நிலையத்தில் நிற்பதுவரை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்துவிடுவேன். உடைத்தால் குப்பை எடுக்கும் நாள் மாறியிருக்கும். "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று என் கணவர் சிரிப்பார். அவர் எதற்கும் பயப்படாதவர் என்று கலியாணம் கட்டிய நாளிலிருந்து நம்பியிருந்தேன்.

இப்படிப்பட்ட என்னைத்தான் ஒரு ஆலையில் பாதுகாப்புப் பொறுப்பாளராக வைத்திருக்கிறார்கள். யோசித்தால் பொருத்தமான ஆள்தான். எந்த மூலையில் என்ன விபரீதம் நடக்கலாம் என்று நாள் முழுவதும் நினைத்துக்கொண்டிருப்பது எனக்கு இயல்பாக வரும். முன்பு சும்மா பயந்தேன், இப்போது அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

ஆலை சுவிற்சர்லாந்தில், ஷாஃப்ஹவுசன் நகரத்துக்கு வெளியே, ரயில் பாதையோரம் இருக்கிறது. கரோப் நெற்றை உடைத்து அரைக்கிற ஆலை. கரோப் மரம் இந்தக் குளிரில் தழைக்காது. சிசிலியிலும் ஸ்பெயினிலும் மொரோக்கோவிலும் கல்லுக்கு நடுவே, தண்ணீர் கேட்காமல் நிற்கிற மரம் அது. நெற்று கரும்பழுப்பாக இருக்கும். பெரிய, தட்டையான புளியங்காய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கடித்தால் புளிக்காது, இனிக்கும். இலையுதிர் காலத்தில் லொறிகள் வந்து முற்றத்தில் கொட்டும்போது முதலில் வெல்ல வாசம் வரும், அதன் பின்னாலேயே பழைய பாற்கட்டி வாசமும் வரும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள். கொஞ்ச நாளில் அந்த வாசம் தலைமயிரில் ஏறி, வீட்டுத் தலையணையில் இறங்கிவிடும். பிறகு யாருக்கும் தெரியாது.

நெற்றில் எதையும் நாங்கள் எறிவதில்லை. விதைக்குள் இருக்கும் வெள்ளைப் பருப்பை அரைத்தால், எதில் கலந்தாலும் தடிப்பாக்குகிற மா கிடைக்கும். அது ஐஸ்கிரீமுக்கும் யோகர்ட்டுக்கும் பால் கக்குகிற குழந்தைகளின் பால்மாவுக்கும் போகும். சதையை வறுத்து அரைத்தால் கொக்கோ போன்ற மா. சொக்கலேற் நாட்டில் இருந்துகொண்டு சொக்கலேற் இல்லாத சொக்கலேற்றுக்கு மா அரைக்கிறோம் என்று சொன்னால் சுவிஸ்காரரே சிரிப்பார்கள். தரம் குறைந்த சதையை நொறுக்கி மூட்டை கட்டினால் குதிரைக்கும் மாட்டுக்கும் தீவனம். கடைசியில் எஞ்சுவது தூளும் விதைத்தோலும் காம்பும். அதையும் விடுவதில்லை. அழுத்திக் கட்டிகளாக்கி ஆலையின் கொதிகலனில் எரிக்கிறோம். அந்தச் சூட்டில் அடுத்த லொறி நெற்று காயும், குளிர்காலத்தில் எங்கள் முதுகும் காயும்.

ஆலையைப் பார்க்க வருகிற யாழ்ப்பாணத்தார் ஒவ்வொருவரும் தவறாமல் ஒரே வசனத்தைச் சொல்வார்கள்: "உது எங்கடை பனை மாதிரியெல்லோ." கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பனை வெடித்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கரோப் தூள் வெடிக்கும்.

சாப்பிடுகிற மா வெடிக்கும் என்றால் யாரும் முதலில் நம்புவதில்லை. ஒரு நெற்றுக்குத் தீக்குச்சி வைத்துப் பாருங்கள், வேண்டா வெறுப்பாக ஓரம் கருகும். அதையே நுணுக்கமாக அரைத்து, பூட்டிய அறையில் காற்றில் மிதக்கவிட்டு ஒரு பொறி காட்டினால் எல்லாம் ஒரே நேரத்தில் எரியும். அறைக்குள் அந்தச் சூட்டுக்கு இடம் போதாது. அப்போது சுவர் போகும். பயிற்சியில் இதைவிட மோசமான ஒன்றையும் சொல்லித் தந்தார்கள். முதல் வெடி பெரும்பாலும் சின்னதாகத்தான் இருக்குமாம். அது கூரையைத் தாங்கும் வளைகளிலும் குழாய்களிலும் படிந்து கிடக்கிற தூளை உலுப்பிவிடும். அந்தத் தூள் கீழே இறங்கும்போது வருகிற இரண்டாவது வெடிதான் ஆளைக் கொல்லும். அன்றிலிருந்து எந்த அறைக்குள் போனாலும் நான் முதலில் மேலேதான் பார்ப்பேன். எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேலே ஒரு பொட்டுத் தூசி கிடையாது.

இதையெல்லாம் நான் மனத்துக்குள் வைத்திருந்தேனா? இல்லை. இரவுச் சாப்பாட்டு மேசையில் ஒவ்வொரு நாளும் கணவருக்குச் சொன்னேன். ஏனென்றால் அந்த ஆலையின் கொதிகலனையும் அதற்கு முன்னால், தூளைக் கட்டியாக அழுத்துகிற பிரஸ் அறையையும் பார்த்துக்கொண்டவர் அவர்தான்.

அவர் இந்த நாட்டுக்கு வந்த காலத்தில் டாவோஸில் ஒரு ஹோட்டல் சமையலறையில் கோப்பை கழுவினார். பனிக்காலம் முழுவதும் நீராவிக்குள் நின்று, முதுகு வளைந்து, கை தோல் உரிந்து, பல வருடம். பிறகு எங்கள் ஆலையில் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. ஐம்பது வயதை நெருங்கும்போது கொதிகலன் பயிற்சிக்குப் போனார். ஜெர்மன் புத்தகத்தைச் சமையலறை மேசையில் விரித்துவைத்து, வாய்க்குள் முணுமுணுத்துப் படித்துச் சித்தியடைந்தார். அவர் கையில் ஒரு சாவி கொடுத்தார்கள். அவர் மட்டும் திறக்கிற அறைகளின் சாவி. அதை இடுப்பில் தொங்கவிட்டுக்கொண்டு ஊர்க் கோயில் தர்மகர்த்தா மாதிரி நடப்பார். நான் கேலி செய்வேன். ஆனால் அவர் நிமிர்ந்து நடப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

மேசையில் நான் தூளைப் பற்றித் தொடங்கினால் அவர் ஒரே பதில்தான் சொல்வார்.

"நெருப்பெண்டு சொன்னா வாய் வெந்திடுமே? சாப்பிடும்."

"சாப்பாட்டுக் கதை இல்லையப்பா. உங்கடை பிரஸ் அறையில வளைக்கு மேல தூள் கிடக்கு. நான் கண்டனான்."

"நாளைக்கு உறிஞ்சி எடுக்கிறன். நீர் உந்தப் பயத்தை ஆலையிலயே கழட்டி வைச்சிட்டு வாருமன்."

கரோப் மரத்தை நாங்கள் ஒருமுறைதான் கண்டோம். கோடை விடுமுறைக்குச் சிசிலி போனபோது, நாங்கள் தங்கிய வீட்டுக்காரரின் தோட்டத்தில் நின்றது. பச்சை மாறாத, கொழுத்த இலை, கிளையெல்லாம் நெற்று. வீட்டுக்காரர் ஒன்றைப் பறித்துப் பாதியைக் கடித்து, மீதியைக் கழுதைக்குக் கொடுத்தார். அன்று பின்னேரம் வெட்டிய கிளைகளை அடுப்பில் போட்டு, மா குழைத்துப் பாண் சுட்டார். நாங்கள் இத்தனை இயந்திரம் வைத்துச் செய்கிறதை அந்த மனிதர் ஒரு முற்றத்துக்குள் முடித்துவிட்டார். என் கணவர் மரத்தடியில் போய், செருப்பைக் கழற்றிவிட்டு, அடிமரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "சோறு போடுற மரம்," என்றார். நான் அதைப் படம் எடுத்தேன். செருப்பைக் கழற்றியதை அப்போது பெரிதாக நினைக்கவில்லை.

எங்கள் ஆலையில் தமிழர் கொஞ்சப் பேர் இருக்கிறோம். பொதி கட்டும் பகுதியில் வேலை செய்யும் ஒரு அண்ணை வருடாவருடம் ஆயுத பூசை வைப்பார். ஆலை மேலாளரை நாங்கள் ஷெஃப் என்போம். சுவிஸ்காரர், நல்ல மனிதர். இடைவேளை அறையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் நெருப்பு மட்டும் கூடாது என்று சொல்லியிருந்தார். சொல்ல வைத்தவள் நான். அதனால் மேசையில் ஒரு சரஸ்வதி படம், அவல், கடலை, வாழைப்பழம், பற்றரியில் எரிகிற விளக்கு. ஸ்பானரிலிருந்து தூக்கும் வண்டியின் சாவிவரை எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. தேவாரம் பாடி முடிந்ததும் அண்ணை பற்றரி விளக்கையே மூன்று தரம் சுற்றிக் காட்டுவார். நாங்கள் அந்தச் சூடில்லாத வெளிச்சத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவோம். சுவிஸ்காரரும் வந்து அவல் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

அந்த வருடம் பிரஸ் புதிது. பழையது அடிக்கடி இறுகி நின்றதால் கோடையில் புதியதை இறக்கியிருந்தார்கள். அதற்கு இது முதல் பூசை. பூசையன்று காலையில் வீட்டில் சாமி அலுமாரியைத் துடைக்கும்போது கற்பூரப் பெட்டி இல்லை என்று கண்டேன். முடிந்திருக்கும், சனிக்கிழமை தமிழ்க்கடையில் வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

காலை இடைவேளையில் பூசை நல்லபடி முடிந்தது. என் கணவர் பற்றரி விளக்கைத் தொட்டார், கண்ணில் ஒற்றினார், ஆனால் முகத்தில் திருப்தி இல்லை. நான் கவனித்தேன். அவல் போதவில்லையாக்கும் என்று நினைத்தேன்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனார்கள். நான் என் அறைத் திரையில் பிரஸ் அறை வடிகட்டியின் அழுத்தம் கீழே இறங்கியிருப்பதைக் கண்டேன். அந்த வடிகட்டி பிரஸ்ஸுக்கு மேலே இருக்கிற பெரிய பெட்டி. அறையின் தூளை உறிஞ்சி, அடியில் கட்டியிருக்கும் சாக்குக்குள் விழுத்தும். அழுத்தம் இறங்கினால் பெரும்பாலும் சாக்கின் வாய் கழன்றிருக்கும். அப்படியென்றால் தூள் சாக்குக்குள் விழாமல் அறைக்குள் விழும். இது வழமையான விசயம்தான். போய்ப் பட்டியை இறுக்கினால் சரி. இருந்தாலும் படியை இரண்டிரண்டாக இறங்கிப் போனேன்.

நடைவழியின் முடிவில் பிரஸ் அறைக் கதவு. அதன் அடியில் ஒரு சோடி சப்பாத்து.

ஆலைச் சப்பாத்து. நுனிகள் சுவரைப் பார்க்க, ஒன்றோடு ஒன்று ஒட்டி, ஒழுங்காக வைத்திருந்தது. கோயில் வாசலில் மட்டும்தான் அவர் அப்படி வைப்பார். வீட்டில் ஒன்று சோபாவுக்கு அடியில் கிடந்தால் மற்றது குளியலறையில் கிடக்கும்.

அந்தச் சப்பாத்து சும்மா சப்பாத்து இல்லை. உடம்பில் சேருகிற மின்சாரத்தை, பொறி தட்டாமல் நிலத்துக்கு இறக்குவதற்கென்று செய்த அடி அதற்கு. அதைப் போடாமல் அந்த அறைக்குள் போகக்கூடாது என்று கதவில் படமே ஒட்டியிருக்கிறது. ஒட்டியவள் நான். அந்தப் படத்துக்கு நேரே கீழே கழற்றி வைத்திருந்தார் மனுசன். அவர் சப்பாத்தைக் கழற்றினால் உள்ளே என்ன செய்கிறார் என்பதும், வீட்டில் கற்பூரப் பெட்டி ஏன் இல்லை என்பதும் எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது.

கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. அதால் பார்த்தேன். பிரஸ்ஸுக்கு முன்னால் அவர் நின்றார். வெறும் காலுறை. கையில் எங்கள் வீட்டுப் பித்தளைத் தட்டு. தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. பின்னால் கொதிகலன் அறைக் கதவு திறந்து கிடந்தது. அங்கே கொளுத்தி, கொதிகலனுக்குக் காட்டிவிட்டு இங்கே வந்திருக்கிறார். கொதிகலனோடு நிறுத்தியிருந்தால் ஒன்றுமில்லை. அந்த அறை கழுவித் துடைத்த அறை, நெருப்பு இருக்க வேண்டிய இடம். ஆனால் ஒன்றுக்குக் காட்டி மற்றதை விட முடியுமா? அதுவும் புதிதாக வந்ததை?

அவருக்குப் பக்கத்தில் சாக்கின் வாய் ஒரு பக்கம் கழன்று தொங்கியது. அவர் அதைக் காணவில்லை. சாமியைப் பார்ப்பதுபோல் பிரஸ்ஸையே பார்த்திருந்தார். சாக்கிலிருந்து மண்ணிறத் தூள் மெதுவாகக் கசிந்து, நிலத்தில் விழாமல், அவர் முழங்கால் உயரத்தில் மிதந்துகொண்டிருந்தது.

என் கை சுவரில் இருந்த சிவப்புப் பொத்தானுக்குப் போனது. போன வேகத்தில் நின்றது. அந்தப் பொத்தானை அமத்தினால் பிரஸ் நிற்கும். பிரஸ் நின்றவுடன் வடிகட்டி தன்னைத் தானே உதறிச் சுத்தம் செய்யும். காற்றை டுப் டுப்பென்று அடித்து, உள்ளே தொங்கும் துணிப் பைகளில் ஒட்டியிருக்கிற தூளையெல்லாம் கீழே தள்ளும். சாக்கின் வாய் திறந்திருக்கிறது. அவ்வளவும் அவர் கையில் இருக்கிற சுடருக்கு மேல் வரும். காப்பாற்றுவதற்கென்று வைத்த பொத்தான். அதை அமத்தியிருந்தால் என் கையாலேயே அவரைக் கொன்றிருப்பேன்.

நடைவழிச் சுவரில் காற்றுக் குழாயின் மஞ்சள் கைப்பிடி இருக்கிறது. அதைத் திருகி அடைத்தேன். இனி உதற அதற்குக் காற்று இல்லை. பிறகுதான் பொத்தானை அமத்தினேன். பிரஸ் இரைச்சல் இறங்கி அடங்கியது. கதவை விரல் அளவு விரல் அளவாகத் திறந்தேன். காற்று இழுபடக்கூடாது. கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினால் திடுக்கிடுவார். தட்டு விழும்.

அவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன, பிரஸ் நிண்டிட்டுது? சரி, வந்ததும் நல்லதாப் போச்சு. வாரும், ஒருக்காத் தொட்டுக் கும்பிடும்."

"இஞ்சாருங்கோ," என்றேன். "அசையாதேங்கோ. சாக்குக் கழண்டிருக்கு. கீழ பாருங்கோ."

அவர் குனிந்து பார்த்தார். தன் கால்களைச் சுற்றி மண்ணிறமாக மிதப்பதைக் கண்டார். சிரிப்பு அப்படியே முகத்தில் இருந்தது, ஆனால் முகம் வெளுத்துப்போனது. தட்டு நடுங்கத் தொடங்கியது. சுடர் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது.

"ஊதாதேங்கோ!"

"கற்பூரத்தை ஆர் ஊதுவினம்?" என்றார். பழக்க தோசத்தில் வந்த பதில். குரல் அவருடையது இல்லை.

வேறென்ன செய்யலாம் என்று என் மூளை ஓடியது. கையால் பொத்தச் சொல்லலாமா? தலைக்கவசத்தைக் கழற்றிக் கவிழ்க்கச் சொல்லலாமா? அவர் தோளிலும் கையிலும் உடுப்பு மடிப்புகளிலும் காலையிலிருந்து படிந்த தூள். கையைத் தூக்கினால் அது சுடரில் கொட்டும். நடந்து வெளியே வரச் சொன்னால் காலடியில் படிந்திருப்பது கிளம்பும். அந்தக் காலில் சப்பாத்தும் இல்லை. நான் உள்ளே போனாலும் அதேதான். மேலே பார்த்தேன். வளையில் தூள் கிடந்தது. நாளைக்கு உறிஞ்சுகிறேன் என்று சொன்ன தூள்.

"அப்பிடியே நில்லுங்கோ. நெஞ்சுக்கு நேர பிடியுங்கோ. அது எரிஞ்சு முடியட்டும்."

"மூண்டு கட்டி வைச்சிட்டன்," என்றார்.

மனுசன் எதிலும் தாராளம்.

கற்பூரம் எவ்வளவு நேரம் எரியும் என்று நான் அதுவரை யோசித்ததில்லை. வீட்டில் காட்டும்போது இரண்டு வரி பாடும் முன்பே அணைந்துவிடும் போலிருக்கும், இன்னொரு கட்டி போடுவோம். அன்று அது அணைவதாகத் தெரியவில்லை. மூன்று கட்டியும் ஒன்றாகி ஒரு விரல் உயரத்துக்கு எரிந்தது. கரும்புகை நேராக மேலே போனது. அது நேராகப் போகும்வரை காற்று அசையவில்லை என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு சாமி பெயரும் எனக்கு வாயில் வரவில்லை. வீட்டில் உழுந்து ஊறப்போட்டிருக்கிறேன், இன்றைக்கு அரைக்காவிட்டால் புளித்துவிடும் என்பதுதான் திரும்பத் திரும்ப வந்தது. அவர் கண்ணை மூடவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. தட்டையே பார்த்தார். அவர் நெற்றியிலிருந்து வியர்வை வழிந்து சந்தனப் பொட்டைக் கரைத்துக்கொண்டு மூக்கில் இறங்கியது. துடைக்கக்கூட இல்லை. அந்த உடம்பு அவ்வளவு அசையாமல் நின்றதை நான் ஒருநாளும் கண்டதில்லை.

சுடர் சிறுத்தது, நீலமானது, தட்டோடு படுத்தது. போய்விட்டது என்று நினைக்கும்போது ஓரத்தில் மறுபடி பிடித்தது. பிறகு அதுவும் அணைந்தது. தட்டில் கறுத்த வட்டம் மட்டும் மிஞ்சியது.

பழக்கத்தில் அவர் கை தட்டை என் பக்கம் நீட்டியது. நான் கதவடியில் அவர் சப்பாத்துக்குப் பக்கத்தில் நிலத்தில் குந்திவிட்டேன்.

இயந்திரம் நின்றதைக் கண்டு ஷெஃப் வந்தார். சாக்குக் கழன்றது, நிறுத்தினேன் என்று சொன்னால் முடிந்துவிடும். அது பொய்யும் இல்லை. அப்படிச் சொல்லலாமா என்று ஒரு மூச்சு யோசித்தேன். பக்கத்தில் அவர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார். நான் சொல்லாவிட்டால் அடுத்த வருடமும் காட்டுவார், நான் அந்த நேரம் படியிறங்கி வராமல் போகலாம். அந்த நினைப்புத்தான் என் வாயைத் திறக்க வைத்தது. முழுவதையும் சொன்னேன். ஷெஃப் சத்தம் போடவில்லை. கோபம் வந்தால் அவர் சுவிஸ் ஜெர்மனை விட்டுவிட்டு எழுத்து ஜெர்மனில் பேசுவார். அன்று எழுத்து ஜெர்மனில் பேசினார். முடிவில் கையை நீட்டினார். என் கணவர் இடுப்பிலிருந்து சாவியைக் கழற்ற நேரம் எடுத்தது. வளையம் இறுகியிருந்தது. வேலையை விட்டு அனுப்பவில்லை. முற்றத்தில் லொறி இறக்கும் இடத்துக்கு மாற்றினார்.

பொதி கட்டும் அண்ணை செய்தி கேட்டு ஓடிவந்தார்.

"ஒரு கற்பூரம் காட்டினதுக்கோ இவ்வளவும்?"

"வெடிச்சிருக்கும் அண்ணை!"

"வெடிக்கேல்லையே பிள்ளை. காட்டினபடியால்தான் ஒண்டும் நடக்கேல்லை."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவர் சிற்றறிவை ஒரு பிடி பிடித்திருப்பேன். ஆனால் வளைத் தூளை உறிஞ்ச ஆள் கூப்பிட வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் போகும்போது நான்தான் கார் ஓட்டினேன். அவர் பித்தளைத் தட்டை மடியில் வைத்திருந்தார். சாவி எடுத்த கோபத்தில் இருக்கிறார், என்னோடு கதைக்க மாட்டார் என்று நினைத்தேன். ரைன் பாலத்தில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது அவராகத் தொடங்கினார்.

"நான் பக்தியில காட்டினதெண்டு நினைக்கிறீரோ?"

மடியிலிருந்த தட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"பயத்திலதான் காட்டினனான். அந்தக் கதவைத் திறக்கிற ஒவ்வொரு நாளும் எனக்கு நெஞ்சு இடிக்கும். புதுப் பிரஸ் வந்த பிறகு இன்னும் மோசம். நீர் சாப்பாட்டு மேசையில சொல்லுறதெல்லாம் எனக்கு அதுக்குள்ள போனாத்தான் ஞாபகம் வரும். முதல் வெடி, ரெண்டாம் வெடி எண்டு. கை நடுங்கும். இண்டைக்கு ஒரு கற்பூரம் காட்டினா நெஞ்சு கொஞ்சம் அடங்கும் எண்டு நினைச்சன்."

பின்னால் யாரோ ஹோன் அடித்தார்கள். விளக்கு பச்சையாகியிருந்தது.

"ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?" என்றேன்.

"நீர் ஏற்கெனவே பயந்துகொண்டெல்லோ இருக்கிறீர். ரெண்டு பேரும் பயந்தா வீட்டில ஆர் பயப்பிடாமல் இருக்கிறது?"

எனக்கு அழுகை வந்தது, அழுதேன். நெருப்பென்றால் வாய் வெந்துவிடுமா என்று அவர் கேட்ட ஒவ்வொரு முறையும், நான் அந்த மனிதரின் பயத்துக்கு மேல் இன்னொரு கரண்டி பரிமாறியிருக்கிறேன். அவர் சிரித்துக்கொண்டே சாப்பிட்டு எழும்பியிருக்கிறார். அன்றிரவு உழுந்தை அவர்தான் அரைத்தார்.

கொதிகலனுக்குப் புது ஆள் கிடைக்கும்வரை காலையில் அந்த அறைகளைத் திறந்து பார்க்கும் வேலையை ஷெஃப் என்னிடம் தந்தார். அறையைப் பற்றி நன்றாகத் தெரிந்தவள் நான்தானாம். சாக்குப் பட்டியை மாற்றியிருந்தார்கள், வளையெல்லாம் உறிஞ்சித் துடைத்திருந்தார்கள். நானே ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். ஒரு ஆபத்தும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் முதல் நாள் காலை அந்தச் சாவியோடு நடைவழியில் நடந்தபோது நெஞ்சு இடித்தது. கதவுக்கு முன்னால் நின்று பூட்டில் சாவியை வைத்தேன். அப்போது என் வலது கால் தானாகப் போய் இடது சப்பாத்தின் குதியை மிதிக்கப் பார்த்தது. கழற்றுவதற்கு. நான் ஒட்டிய படத்துக்கு நேரே கீழே.

காலை இழுத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். நடைவழியின் மறு முனையில், மஞ்சள் கோட்டுக்கு அங்கால் அவர் நின்றார். அந்தக் கோட்டைத் தாண்ட அவருக்கு இனி அனுமதி இல்லை. லொறி இறக்கியிருக்கிறார், கையுறையெல்லாம் நெற்றுத் தூள். என் காலை அவர் கண்டிருக்க வேண்டும்.

"பயமோ?" என்று கேட்டார்.

"ஓம்."

"எனக்கும்தான்," என்றார். "நீர் போம். நான் இஞ்ச நிக்கிறன்."

நான் கதவைத் திறந்து உள்ளே போனேன். வடிகட்டியைப் பார்த்து, சாக்கின் பட்டியை இழுத்துப் பார்த்து, கொதிகலனின் சூட்டைப் பார்த்து, வெளியே வந்து பூட்டும்வரை அவர் அந்தக் கோட்டில் நின்றார்.